கதை ஒருவருடையது, வசனம் இன்னொருவருடையது: நடுவே நின்ற வங்க நாவலாசிரியர் நபேந்து கோஷ்

கொல்கத்தா: சரத்சந்திரரின் தேவதாஸைத் தமிழ் ரசிகர்கள் 1953-இல் நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடிப்பில் கண்டனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே நாவல், பிமல் ராய் இயக்கத்தில் திலீப் குமார் நடிக்க இந்தியில் வெளியானது. கதை சரத்சந்திரருடையது, வசனம் எழுதியவர் உருது எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேடி. இவ்விருவருக்கும் இடையே, நாவலைக் காட்சிகளாகப் பிரித்து அடுக்கித் திரைக்கதை ஆக்கியவர் வங்க நாவலாசிரியர் நபேந்து கோஷ்.

டாக்காவில் 1917-ஆம் ஆண்டு பிறந்த அவர், பாட்னாவில் வளர்ந்தார். 1942-ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தைப் பின்னணியாகக் கொண்டு அவர் எழுதிய 'டாக் தியே ஜாய்' என்ற நாவல் வாசகர்களிடையே புகழ் தேடித் தந்தது. அரசு வேலையையோ பறித்துக்கொண்டது. எழுத்தையே நம்பி 1945-இல் கொல்கத்தாவில் குடியேறினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்நகரை உலுக்கிய மதக் கலவரமே, மத்திய கொல்கத்தாவின் தெரு ஒன்றின் பெயரைத் தாங்கிய அவரது 'ஃபியர்ஸ் லேன்' நாவலுக்குக் களமானது.

ஆனால் 1947-இல் வங்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, கொல்கத்தாவில் அச்சான நூல்களுக்கும் அங்கு எடுக்கப்பட்ட படங்களுக்கும் இருந்த பெரும் சந்தையான கிழக்கு வங்கம் வேறொரு நாடாகிவிட்டது. புகழ்பெற்ற நியூ தியேட்டர்ஸ் நிறுவனமும் நலிவடைந்தது. அந்நிறுவனத்தில் இயக்குநராக வளர்ந்த பிமல் ராய், 'மா' என்ற படத்தை இயக்குவதற்காகப் பம்பாய் டாக்கீஸின் அழைப்பை ஏற்று 1951 வாக்கில் பம்பாய் சென்றார். அவருடன் சென்ற குழுவில் ரிஷிகேஷ் முகர்ஜியும் நபேந்து கோஷும் இருந்தனர்.

வங்க மொழியில் எழுதிப் பெயர் பெற்ற ஒருவர், இந்திப் படத்தில் என்ன எழுத முடியும்? பாத்திரங்கள் பேசும் சொற்கள் அவருடையவையாக இருக்கவில்லை. எந்தக் காட்சியில் தொடங்குவது, எதைச் சொல்லாமல் விடுவது, எங்கே முடிப்பது என்பவையே அவரது பொறுப்பாயின. இதில் மொழிபெயர்ப்பாளரின் நிலையும் சற்றே நினைவுக்கு வருகிறது. பணி செம்மையாக அமைந்தால் அதைச் செய்தவரை எவரும் கவனிப்பதில்லை.

'பந்தினி' (1963) இதற்குச் சிறந்த சான்று. சிறை அதிகாரியாகப் பணியாற்றி, ஜராசந்தர் என்ற புனைபெயரில் எழுதியவரின் நாவலே அதன் மூலம். வசனத்தை பால் மகேந்திரா எழுதினார். சிறையில் தொடங்கும் படம், கொலைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற கல்யாணியின் கடந்த காலத்திற்குப் பின்னோக்கிச் சென்று மீள்கிறது. விடுதலையான பிறகு, தன்னை மணக்கக் காத்திருக்கும் மருத்துவரிடம் செல்ல அவள் ரயில் ஏற வேண்டும். படித்துறையிலோ, தன்னைக் கைவிட்டுச் சென்ற பழைய காதலன் நோயுற்று நிற்கிறான். ரயிலா, நீராவிப் படகா? நூதன் அதிகம் பேசாமலே விடை தருகிறார். இந்த இடத்தில் வசனத்துக்குப் பெரிய வேலை இல்லை. காட்சிகளின் வரிசையே பேசுகிறது.

'பரிணீதா', 'பிராஜ் பஹு', தீண்டாமையைப் பேசிய 'சுஜாதா', பணீஸ்வர்நாத் ரேணுவின் கதையான 'தீஸ்ரீ கசம்' ஆகியவையும் அவரது கைபட்டவை. ரிஷிகேஷ் முகர்ஜியின் 'மஜ்லி தீதி' அவருக்குச் சிறந்த திரைக்கதைக்கான ஃபிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்தது. அமிதாப் பச்சன், ஜெயா பாதுரி நடித்த 'அபிமான்' படத்தின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு.

எழுபது வயதைக் கடந்த பின்னரே அவர் தாமே ஒரு திரைப்படத்தை இயக்கினார். மத்திய ஆசியப் பாலைவனத்தின் பௌத்த மடம் ஒன்றில் நிகழும் 'த்ரிஷாக்னி', சரதிந்து பந்தோபாத்யாயின் சிறுகதையைத் தழுவியது. சிறந்த அறிமுக இயக்குநருக்கான 1988-ஆம் ஆண்டின் தேசிய விருது அதற்குக் கிடைத்தது. முதுமையில் கிடைத்த அறிமுக விருது! அப்போதும் கதை மற்றொருவருடையதே.

இத்தனைக்கும் நடுவே வங்கத்தில் நாவல்களும் சிறுகதைகளும் எழுதுவதை அவர் கைவிடவில்லை. வங்கத்திற்கு வெளியே அந்த எழுத்தை அறிந்தோர் மிகக் குறைவு. 2007 டிசம்பர் 15-ஆம் தேதி, தமது 90-ஆவது வயதில் கொல்கத்தாவில் காலமானார். ஒற்றைப் படகில் செல்லும் பயணி என்ற பொருள்படும் 'ஏகா நௌகார் யாத்ரீ' என்ற தன்வரலாறு, அவரது மறைவுக்குப் பின் நூலாக வெளிவந்தது. அவரது சிறுகதைகள் ஆங்கில வாசகர்களுக்கு 2018-க்குப் பிறகு தொகுப்புகளாகக் கிடைத்து வருகின்றன. அம்முயற்சியை முன்னெடுத்தவர் அவரது மகளும் திரைப்பட விமர்சகருமான ரத்னோத்தமா சென்குப்தா.