பயணியும் நுளம்பும்: இலங்கையின் மலேரியா அனுபவம் குறித்துச் சில குறிப்புகள்

அயன மண்டல நாடுகளுக்குச் செல்வோருக்கான சுகாதார அறிவுரைகளை நோக்குமிடத்து, ‘பயணி’ என்னுஞ் சொல் பெரும்பாலும் உல்லாசப் பயணியையே கருதி நிற்பதைக் காணலாம். இலங்கையைப் பொறுத்தவரை இக்கருத்து போதுமானதன்று. மடகஸ்காருக்குச் செல்லும் இரத்தினக்கல் வணிகர், அமைதிகாக்கும் படையினர், இந்தியாவுக்குச் செல்லும் யாத்திரிகர், அங்கிருந்து இங்கு வரும் தொழிலாளர் ஆகியோரே நமது பயணிகள்.

1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கியபோது அனோபிலிஸ் நுளம்பு அவற்றிற் பெருகிற்று. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நுளம்பு மட்டுமன்று, பட்டினியும் சேர்ந்தே அவர்களைக் கொன்றது. (அவ்வேளை சூரியமல் இயக்கத்தினர் ஆற்றிய நிவாரணப் பணி நமது இடதுசாரி வரலாற்றில் நன்கறியப்பட்டதாகும்.) டி.டி.ரி. தெளிப்பின் பயனாக 1963இல் நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. அவர்களுள் 11 பேர் வெளிநாட்டில் நோயைப் பெற்றவர்கள். பின்னர் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர்.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது. ஒழிந்தது ஒட்டுண்ணியேயன்றி நுளம்பன்று. வெளியிலிருந்து வந்த ஒருவரின் நோய் இங்குள்ள நுளம்பின் வழியே இன்னொருவருக்குத் தொற்றியமை 2018இல் அறியப்பட்டது.

எனவே புறப்படுமுன்னரே தடுப்பு மாத்திரையைத் தொடங்கவேண்டும். மலேரியாத் தடை இயக்கம் அதனை இலவசமாக வழங்குகின்றது. மருந்துக்கேற்ப, நாடு திரும்பிய பின்னரும் சில வாரங்கள் அதனை உட்கொள்ள நேரும். நலமாக வந்துவிட்டோமென்று இடைநிறுத்துவது ஆபத்தானது. அனோபிலிஸ் அந்தி முதல் விடியும்வரை கடிப்பதால் மருந்தூட்டிய நுளம்பு வலை பயன்தரும். டெங்கு நுளம்போ பகலிற் கடிப்பது. டெங்குவைத் தடுக்க மாத்திரையும் இல்லை. உடலை மூடும் ஆடையும் நுளம்பு விரட்டும் பூச்சுமே அதற்குத் துணை. வலையடித்த சாளரமுள்ள அறையிலே தங்குக என்பது வழமையான அறிவுரை. அகழ்விடக் கூடாரத்தில் உறங்குபவனுக்கு இதனாற் பயன் யாது?

திரும்பியபின் வருங் காய்ச்சலே முக்கியமானது. பல்சிபாரம் வகை ஓரிரு நாட்களில் உயிராபத்தாக முற்றக்கூடும். வைவாக்ஸ் வகை ஈரலில் மறைந்திருந்து பல மாதங்களின் பின்னருந் தலைகாட்டும். மலேரியா அருகிவிட்ட நாட்டிலே, காய்ச்சலென்றதும் மருத்துவரின் எண்ணம் முதலில் டெங்குவை நாடுவது இயல்பு. ஆதலால் ஓராண்டுக்குள் எக்காய்ச்சல் வரினும், சென்ற நாட்டைக் கூறி, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். உரிய ஆவணமின்றிச் சென்று மீண்டவர் அஞ்சித் தம் பயணத்தை மறைப்பாராயின், அப்பரிசோதனை நடைபெறாமலே போகலாம். மருத்துவமனையிற் கேட்கப்படும் இக்கேள்வி குடிவரவு அதிகாரியின் கேள்வியன்று என்பதை அவர் நம்பத்தக்க வகையிலே அது கேட்கப்படல் வேண்டும்.