மின்கடத்தா நீர்மம் எது?

கணிப்பொறியைக் குளிர்விக்கும் நீர் கசிந்தால் தாய்ப்பலகை பழுதாகுமே என அஞ்சி, மின்கடத்தா நீர்மத்தை நாடுகிறோம். தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும்; அதில் கரைந்த உப்புகளே கடத்துதிறனைப் பெருக்குவன. ஆயின் அயனி நீக்கிய நீரும் செம்பையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கரைத்துக்கொண்டு நாளடைவில் அத்தூய்மையை இழக்கும்.

1985இல் வெளிவந்த கிரே-2 மீக்கணிப்பொறி, ஃபுளோரினெர்ட் என்னும் மின்கடத்தா நீர்மத்தில் மூழ்கியே இயங்கியது. விலைமிக்க அந்நீர்மத்தின் வெப்ப ஏற்புத்திறனோ, எடைக்கு எடை, நீருக்குள்ளதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே.

எனவே வீட்டுக் கணிப்பொறிக்கு, அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்த அயனி நீக்கிய நீரே போதும். அதுவும் மின்கடத்தும் என்பதை மறவாது, ஏனைய உறுப்புகளுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் ஒருநாள் ஓட்டி, கசிவில்லை எனக் கண்ட பின்னரே கணிப்பொறியை இயக்குவோமாக.