ஆற்றின் தலைமாட்டில் ஓர் ஊர்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போய் வராத குடும்பம் நம் நேயர்களிடையே அரிதாகவே இருக்கும். அங்கே போகிறவர்கள் தென்காசியைத் தாண்டி இலத்தூர் வரை ஒரு முறை சென்று, வயல் வரப்பில் நின்று மேற்கே நோக்க வேண்டும். மேகம் கவிந்த மலைத்தொடர் தெற்கே பொதிகையை நோக்கிச் செல்வது தெரியும். மலை என்றால் நமக்கு அருவியும் குரங்குகளுமே நினைவுக்கு வருகின்றன. அந்த வனத்தினுள்ளே மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்பதை நாம் நினைப்பதில்லை.

அத்தொடரின் தென்பகுதியில், பாணதீர்த்த அருவிக்கும் அப்பால், தாமிரபரணி சிறு பிள்ளையாகத் தவழும் இடத்தில் இஞ்சிக்குழி என்னும் சிற்றூர் இருக்கிறது. காணி வகுப்பைச் சேர்ந்த சில குடும்பங்களே அங்கு வாசம் செய்கின்றன. கிழங்கும் மிளகும் பயிரிடுவதும், தேன் எடுப்பதும் அவர்கள் ஜீவனம்.

அவ்வூருக்குக் கீழேதான், 1940-களில், காரையாற்றில் பாபநாசம் அணை எழுந்தது. 143 அடி வரை அங்கே நீர் தேங்குகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் வயலுக்கும் வாய்க்கும் அதுவே ஆதாரம். அதனால் மின்சாரமும் கிடைக்கிறது. ஆனால் நமக்கு வாழ்வளிக்கும் அதே நீர்ப்பரப்புத்தான் இஞ்சிக்குழிக்கும் வெளியுலகுக்கும் நடுவே கிடக்கிறது! படகில் கடந்தாலும் பின்னர் சுமார் 10 கிலோமீட்டர் காட்டிலே நடக்க வேண்டும். 1988 முதல் அது புலிகள் காப்பகமும் ஆகும்.

2021-ஆம் ஆண்டில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வெளிவந்தது. அவ்வூர் மூதாட்டி ஒருவருக்குச் சர்க்கார் அப்போது அனுப்பிய மாத உதவித்தொகை ஆயிரம் ரூபாய். அதைக் கையில் சேர்ப்பதற்காக ஒரு தபால் ஊழியர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணையைக் கடந்து காட்டு வழியே நடந்து போய் வந்தாராம். அந்தக் கடமை உணர்ச்சியைப் போற்றுகிறோம். எனினும், ஒரு தனி மனிதரின் கால்களை நம்பியா ஓர் ஊரின் உரிமை இருக்க வேண்டும்? பணம் ஒரு மாதம் காத்திருக்கலாம். பிரசவ வேதனை காத்திருக்குமா? பாம்புக்கடி காத்திருக்குமா?

“அவர்கள் கீழே வந்து குடியேறலாமே” என்று சிலர் சொல்லக்கூடும். மூதாதையர் வாழ்ந்த வனத்தில் வாழும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. மரங்களை அதிகம் அழிக்காமல் பள்ளிக்கூடம், மருந்தகம், பாதை முதலியவற்றை அமைப்பதற்கும் அச்சட்டம் இடம் தருகிறது. புலிக்கும் மனிதனுக்கும் விரோதமில்லாத வழியைக் காண்பது அசாத்தியமன்று.

தாமிரபரணி நீரைப் பருகுகிறவர்கள் நாம். அந்த ஆற்றின் தலைமாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு படகும், ஒரு வைத்தியரும், ஒரு நல்ல பாதையும் கிடைக்க வேண்டுமென்று நாமே குரல் கொடுக்க வேண்டாமா?