உங்களுக்குத் தெரியுமா? வெல்டிங் கையுறையின் உயிர் தையலில்!

வெல்டிங் கையுறை வாங்கும்போது தோலின் தடிமனைத்தான் பலரும் அழுத்திப் பார்க்கிறார்கள். தையலையும் பாருங்கள். பருத்தி நூல் தீப்பொறி பட்டுக் கருகும். நைலான் நூல் உருகும். தோல் நன்றாக இருக்கும்போதே விரல் பிரிந்துவிடும். கெவ்லார் நூலோ 400 டிகிரி செல்சியஸிலும் உருகாது. 1965இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த இழை அது. அவர் தேடியது கார் டயருக்கு எடை குறைந்த, வலுவான இழையை!

ஐரோப்பியத் தரவிதி இஎன் 12477 இக்கையுறைகளை ஏ, பி என இரண்டாகப் பிரிக்கிறது. ராடு வெல்டிங்குக்கு ஏ வகை: தடித்த மாட்டுத்தோல், நீண்ட கைப்பகுதி. டிக் வெல்டிங்கில் ஃபில்லர் கம்பியை விரல் நுனியால் நகர்த்த வேண்டும். அதற்கு பி வகையில் மெல்லிய ஆட்டுத்தோல்தான் சுகம். அங்கே கனத்த உறையைக் கொடுத்தால் யாரும் கழற்றித்தான் வைப்பார்கள். வெறுங்கையில் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துபோகும்.

சூடான இரும்பைக் கையுறையோடு தூக்காதீர்கள், தோல் சுருங்கி விறைத்துவிடும், குறடு எடுங்கள். வியர்வையில் ஊறிய கையுறை மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் உலர்ந்த மாற்று ஜோடி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.