டர்போ காருக்கு பெரிய ஃபியூயல் பம்ப் மாட்டினா பவர் கூடுமா? மாத்துறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஒரு காலத்தில் டர்போ பெட்ரோல் கார் என்றாலே அது பணக்காரர்களின் சமாச்சாரம். இன்று நிலைமை அப்படி இல்லை. 1 லிட்டர் டர்போ எஞ்சின் கார்கள் நெல்லை, தூத்துக்குடி சாலைகளிலும் சாதாரணமாக ஓடுகின்றன. கூடவே ‘ரீமேப் பண்ணலாமா, பெரிய பம்ப் போடலாமா’ என்ற பேச்சும் வந்துவிட்டது.

பெரிய ஃபியூயல் பம்ப் போட்டால் கார் வேகமாகப் போகுமா? நேரடி பதில்: போகாது. பம்ப் பவரைக் கூட்டும் பொருள் இல்லை. வேறு வழியில் பவரைக் கூட்டும்போது எஞ்சின் கருகிப் போகாமல் காப்பாற்றும் பொருள். இந்த வித்தியாசம் புரியாமல் கை வைத்தால் செலவு லட்சத்தில் போய் நிற்கும். விரிவாகப் பார்க்கலாம்.

கடைமடை கணக்கு

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வடகால், தென்கால் என இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. கடைமடையில் வயலைக் கூட்டிவிட்டு, தலைமடையில் அதே அளவு தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? கடைசி வயல் காயும்.

காரிலும் அதே கதைதான். பெட்ரோல் டேங்க்தான் அணை. பம்ப்தான் ஷட்டர். பைப்பும் ஃபில்டரும் வாய்க்கால். கடைமடை வயல் என்பது எஞ்சினுக்குள் இருக்கும் சிலிண்டர். டர்போ பூஸ்ட்டைக் கூட்டுவது வயலைக் கூட்டுவது மாதிரி. பெட்ரோல் அதே அளவுதான் வருகிறது என்றால் சிலிண்டர் காயும். வயல் காய்ந்தால் ஒரு போகம் போகும். சிலிண்டர் காய்ந்தால் சில நொடிகளில் பிஸ்டனே போய்விடும்.

பெட்ரோல் குறைந்தால் எஞ்சினுக்குள் என்ன நடக்கும்?

பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ எஞ்சினை முழு பூஸ்ட்டில் ஓட்டும்போது இந்த விகிதத்தை வழக்கமாக 11.5 முதல் 12.5 வரை இறக்கி வைப்பார்கள். கூடுதலாகப் போகும் அந்தப் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கிறது.

பம்ப் திணறினால் இந்த எண் மேலே ஏறும். இதைத்தான் ‘லீன்’ ஆகிறது என்கிறார்கள். சூடு கூடும், ‘நாக்கிங்’ ஆரம்பிக்கும், பிஸ்டன் உருகும், வால்வு கருகும். மோசமான விஷயம் என்னவென்றால், நகரத்துக்குள் மெதுவாக ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. நாற்கர சாலையில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கும்போதுதான் தெரியும். அப்போது தாமதமாகியிருக்கும்.

உங்க காருக்கு எவ்வளவு பெட்ரோல் வேணும்?

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். லிட்டரில் சொன்னால் சுமார் 0.37 லிட்டர்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று பார்க்கலாம். கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய டியாகோ ஜேடிபி 2018 அக்டோபரில் வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன். இதற்கு முழு வேகத்தில் மணிக்கு சுமார் 42 லிட்டர் பெட்ரோல் போக வேண்டும். அதே மாதிரி ஒரு எஞ்சினை 160 குதிரைத்திறனுக்கு ஏற்றினால் சுமார் 59 லிட்டர். 300 குதிரைத்திறன் காருக்கு 111 லிட்டர். இதோடு 20 சதவீதம் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

‘அப்போ 255 லிட்டர் பம்ப் வாங்கினா எல்லாத்துக்கும் போதுமே’ என்று தோன்றும். அங்கேதான் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

சிக்கல் 1: அழுத்தம்

பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மட்டும்தான். சாதாரணமாக 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்தால், அந்தக் காற்று இன்ஜெக்டரை எதிர்த்துத் தள்ளும். அதைச் சமாளிக்க பம்ப் 4 பாரில் தள்ள வேண்டும். அழுத்தம் கூடக் கூட எந்த பம்ப்பும் தள்ளும் அளவு குறையும். எனவே வாங்கும்போது ‘எத்தனை லிட்டர்’ என்று மட்டும் கேட்கக் கூடாது. ‘எத்தனை பாரில் எத்தனை லிட்டர்’ என்று கேட்க வேண்டும்.

சிக்கல் 2: கரண்ட்

பம்ப் என்பது ஒரு மோட்டார். 13.5 வோல்ட்டில் நன்றாகச் சுற்றும் மோட்டார், 11 வோல்ட்டில் தளர்ந்துபோகும். கம்பெனி போட்ட பழைய மெல்லிய வயரிலேயே பெரிய பம்ப்பை மாட்டினால், வழியிலேயே வோல்ட்டேஜ் குறையும். பெரிய பம்ப்கள் பல 10 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். வயரும் கனெக்டரும் சூடாகி உருகலாம். அதனால் பேட்டரியில் இருந்து தனி ரிலே, தனி ஃபியூஸ், தடிமனான வயர், நல்ல எர்த் எல்லாம் சேர்ந்துதான் ‘பம்ப் மாற்றம்’. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸைச் சொருகுவது மட்டும் கூடவே கூடாது.

தேவைக்கு மேல் பெரிசா போட்டா நல்லதுதானே?

இல்லை. மிச்சப் பெட்ரோல் ரெகுலேட்டர் வழியாகத் திரும்பி டேங்க்குக்குப் போக வேண்டும். ரெகுலேட்டரால் அவ்வளவையும் விட முடியாவிட்டால் அழுத்தம் தானாக ஏறும். ஐடிலில் பெட்ரோல் நாற்றம், கறுப்புப் புகை, மைலேஜ் குறைவு எல்லாம் வரும். சுற்றிச் சுற்றி வரும் பெட்ரோல் டேங்க்கையும் சூடாக்கும்.

இப்போதைய கார்களில் இரண்டு பம்ப்!

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ போன்ற எஞ்சின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இவற்றில் டேங்க்குக்குள் ஒரு பம்ப் இருக்கும். எஞ்சின் மேலே கேம்ஷாஃப்ட் சுழற்சியில் இயங்கும் இன்னொரு ஹை பிரஷர் பம்ப் இருக்கும். இரண்டாவது பம்ப் 200 முதல் 350 பார் வரை அழுத்தம் கொடுக்கக்கூடியது. டேங்க் பம்ப்பை மட்டும் மாற்றினால் இங்கே பலன் கிடைக்காமல் போகலாம். எது திணறுகிறது என்பதை லாக் எடுத்துப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் வைத்து கழற்றிப் பார்க்கும் வேலையும் இது இல்லை. இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இ20 பெட்ரோலால் என்ன மாற்றம்?

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஒரு லிட்டருக்கான சக்தி பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே பவருக்கு 6 முதல் 7 சதவீதம் கூடுதலாக எரிபொருள் போக வேண்டும். பழைய கணக்கில் ‘கரெக்டா இருக்கு’ என்று விட்ட பம்ப், இப்போது விளிம்பில் நிற்கலாம். புதிதாக வாங்கும் பம்ப், ஹோஸ், வாஷர் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

விலை குறைவான போலி பம்ப் வேண்டாம்

பல கட்ட சோதனை நடத்தும் கம்பெனிகளே இந்த பாகத்தில் சறுக்கியிருக்கின்றன. பம்ப் கோளாறுக்காக மாருதி சுசூகி 2024 மார்ச்சில் 16,041 பலேனோ, வேகன்ஆர் கார்களைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா அதே ஆண்டு அக்டோபரில் 90,468 கார்களைத் திரும்ப அழைத்தது. இவை டர்போ கார்கள் இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: ஓடும்போது பம்ப் நின்றால் எஞ்சின் நிற்கும். பின்னால் துறைமுக லாரி வரும் சாலையில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கார் இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

* டேங்க்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது செய்யுங்கள்.
* முதலில் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும்.
* பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு தங்கும். மூடிய ஷெட்டிலோ குழிக்கு மேலே நிறுத்தியோ செய்யக் கூடாது.
* தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பவுடர் ரகம் வேண்டும், தண்ணீர் உதவாது.
* டேங்க்குக்குள் மூழ்கிக் கிடக்கும் ஹோஸுக்குத் தனி ரகம் உண்டு. ‘30ஆர்10’ என்ற குறியீடு பார்த்து வாங்குங்கள். சாதாரண ஹோஸின் வெளிப்புறம் பெட்ரோலில் ஊறி இற்றுவிடும்.
* முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்த்த பிறகே சீட்டை மூட வேண்டும்.
* புது பம்ப்போடு நேராக ரோட்டுக்குப் போகாதீர்கள். டைனோவில் ஏற்றி, வைட்பேண்ட் மீட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் பார்த்து டியூன் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அதே அளவு பம்ப்பை அதே இடத்தில் மாற்றுவது பராமரிப்பு வேலை. எஞ்சினின் திறனை மாற்றுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க பிரிவு 182ஏ இடம் தருகிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், தீ விபத்து க்ளைமில் பெரிய தலைவலியாகும். வாரண்டி இருந்தால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

அப்போ என்னதான் செய்யலாம்?

கார் கம்பெனி அமைப்பில்தான் ஓடுகிறது என்றால் பெரிய பம்ப் தேவையே இல்லை. ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டாதீர்கள். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது.

டிராக்கில் ஓட்டுவதற்காகவே கார் தயார் செய்கிறீர்களா? முதலில் எவ்வளவு பவர் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதற்குத் தேவையான பெட்ரோலைக் கணக்கிடுங்கள். பிறகு வயரிங், பம்ப், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் எல்லாம் தயாரான பின்பு, கடைசியாகத்தான் பூஸ்ட்டில் கை வைக்க வேண்டும். அந்த வேகத்தை ஓட்டிப் பார்க்க கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. நெல்லை-தூத்துக்குடி நாற்கர சாலை அதற்கான இடம் இல்லை.

தலைமடையில் தண்ணீர் விடாமல் வயலைக் கூட்டாதீர்கள். மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டியது ‘எந்த பம்ப் அண்ணே?’ என்பதல்ல. ‘என் வண்டிக்கு இப்போ பெட்ரோல் பத்தாம இருக்கா? லாக்ல காட்டுங்க’ என்பதுதான்.