திரும்பிப் போகும் ஊர் பிள்ளைக்குப் புதிய ஊர்

வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு எமது மக்கள் வெளியேறியது 1990 யூன் மாதத்தில். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகளில் ஒரு பகுதி முன்னரே விடப்பட்டபோதும், 2015ஆம் ஆண்டு தொடக்கமே பல கிராமங்கள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. இடையில் 25 ஆண்டுகள் கழிந்துவிட்டன. 10 வயதில் தாயின் பின்னால் நடந்து வெளியேறிய சிறுமி, 35 வயதுத் தாயாகத் திரும்பினாள். அவளது கையைப் பிடித்து வந்த பிள்ளையோ அந்த ஊரை ஒருநாளும் கண்டதில்லை. மல்லாகம், சுன்னாகம் பகுதி முகாம்களிலோ உறவினரின் வளவிலோ பிறந்து வளர்ந்த பிள்ளை அது.

திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர் மக்கள் 2006இல் வெளியேறி, 2015இலும் 2016இலும்தான் தம் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. வன்னியில் 2009இல் இடம்பெயர்ந்தவர்களுக்கென அமைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அங்கும் பிள்ளைகள் பிறந்தார்கள், நடை பழகினார்கள், ஏடு தொடக்கினார்கள்.

காணி விடுபடும் நாளை எண்ணிக் காத்திருக்கும் குடும்பங்களும், இரவல் காணியிலிருந்து இன்னோர் இரவல் காணிக்கு மாறும் குடும்பங்களும் எம்மிடையே உண்டு. கூரைத் தகரம், தண்ணீர், விதை, மண்வெட்டி ஆகியவற்றைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். பிள்ளையைப் பற்றிப் பேசுவது குறைவு. இக்கட்டுரையில் அதைப் பேசுவோம்.

பிள்ளைக்கு எது வீடு?

பெற்றோருக்கு முகாம் ஒரு தங்குமிடம். பிள்ளைக்கு அதுதான் ஊர். கிறிக்கற் விளையாடிய ஒழுங்கையும், தண்ணீர்க் குழாயடியும், பக்கத்துக் கொட்டில் ஆச்சியும், எழுத்துச் சொல்லிக்கொடுத்த ரீச்சரும் அங்கேதான். ஆகவே நாம் ‘திரும்புகிறோம்’ என்று மகிழும் அதே நாளில் பிள்ளை ‘பிரிகிறேன்’ என்று அழுகிறது. எமக்கு மீள்குடியேற்றமாக இருப்பது பிள்ளைக்கு முதலாவது இடம்பெயர்வு.

இதை விளங்கிக்கொண்டால் பல விடயங்கள் தெளிவாகும். சொந்தக் காணியில் முதல் இரவு படுக்கும்போது, “எப்ப எங்கட வீட்டுக்குப் போவம்?” என்று சின்னப்பிள்ளை கேட்கும். அது பெற்றோரின் நெஞ்சைக் குத்தும். ஆயினும் கோபிக்க வேண்டாம். பிள்ளை நன்றி கெட்டுக் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வீட்டைத்தான் கேட்கிறது. சில பிள்ளைகள் நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிப்பதை மீண்டும் தொடங்கலாம். சில பிள்ளைகள் தாயின் சேலையை விடாமல் திரியும். சற்று வளர்ந்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அடியும் ஏச்சும் இவற்றைக் கூட்டுமேயன்றிக் குறைக்கமாட்டா. பல வாரங்கள் சென்றும் மாறாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையிலோ ஆலோசனை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கத்தரிக் கன்றையோ மிளகாய்க் கன்றையோ நடுகிற விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிடுங்குமுன் நாற்றுமேடைக்குத் தண்ணீர் விடுகிறோம். வெயில் தாழ்ந்தபின் பிடுங்குகிறோம். வேரோடு கொஞ்சம் மண்ணும் வரப் பார்க்கிறோம். நட்டபின் சில நாட்களுக்கு நிழல் கொடுக்கிறோம். கன்றுக்குச் செய்யும் இந்த நான்கையும் பிள்ளைக்கும் செய்ய வேண்டும்.

போகுமுன் சொல்லுங்கள்

பெரியவர்கள் இரவில் குசுகுசுவென்று பேசுவதிலிருந்து பிள்ளை பாதியை விளங்கிக்கொள்ளும். மீதியைப் பயத்தால் நிரப்பும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எவருக்கும் பிள்ளையிடம் எடுத்துச்சொல்ல நேரம் இருக்கவில்லை. இன்று நேரம் இருக்கிறது. ஆகவே எங்கே போகிறோம், எப்போது போகிறோம், யார் யார் வருகிறார்கள், நாயும் கோழியும் வருமா என்பவற்றைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். கல்வீடும், மாமரமும், துலாக் கிணறும் உங்கள் நினைவில் நிற்கின்றன. காணியில் நிற்பதோ பற்றையும், இடிந்த அத்திவாரமும், கூரையில்லாச் சுவரும். ‘அங்கே எல்லாம் இருக்கு’ என்று சொல்லிக் கூட்டிப்போனால் பிள்ளை அன்றைக்கே உங்களில் நம்பிக்கை இழந்துவிடும். முடியுமானால் துப்புரவு செய்யப் போகும் ஒருநாளில், காணி பாதுகாப்பானது என்று உறுதியான பின்னர், பிள்ளையையும் கூட்டிச் சென்று காட்டுங்கள். அங்கே நீங்கள் அழ நேர்ந்தால், ஏன் அழுகிறீர்கள் என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாத கண்ணீர்தான் பிள்ளையை வெருட்டும்.

முகாமை விட்டு வெளிக்கிடுமுன் விடைபெற இடங்கொடுங்கள். கூட்டாளிகளுடன் ஒரு பின்னேரம் விளையாடட்டும். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வரட்டும். லொறியில் றங்குப்பெட்டிக்கும் உரப்பைகளுக்கும் இடம் தேடும்போது பிள்ளையின் பழைய பொம்மையையும் பந்தையும் எறிந்துவிட வேண்டாம். கன்றின் வேரில் ஒட்டிய மண் அதுதான்.

பாடசாலையை முதலில் பாருங்கள்

வீட்டுக் கூரை போட்டபின் பாடசாலையைப் பார்ப்போம் என்று ஒத்திவைக்கும் குடும்பங்கள் பல. ஒரு மாதம் மூன்று மாதமாகும். அதன்பின் பிள்ளை வகுப்பில் பின்தங்கி, வெட்கப்பட்டு, தோட்டத்திலேயே நின்றுவிடும். இலங்கையில் 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்னர் 14 ஆக இருந்த மேல் எல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பிள்ளையைச் சேர்க்கும்படி கேட்பது உங்கள் உரிமை. சேர்ப்பது உங்கள் கடமை.

கூடியவரை தவணை முடிவில் இடம் மாறுங்கள். பின்வருவனவற்றை ஒரே பொலித்தீன் பையில் கட்டி, சாமான்களுடன் ஏற்றாமல் தாயின் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்:

1. பாடசாலை விடுகைப் பத்திரமும் தேர்ச்சி அறிக்கையும்.
2. பிறப்புச் சான்றிதழ். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். பிறப்புப் பதிவே இல்லையென்றால் என்ன செய்வதென்று அங்கேயே கேளுங்கள்.
3. கிளினிக் கொப்பி. 18 மாதத்திலும் 3 வயதிலும் போடும் தடுப்பூசிகள் இடமாற்றத்தில் தவறிப்போவதுண்டு. புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் வாரத்திலேயே காட்டுங்கள்.
4. குடும்ப அட்டையும் கிராம அலுவலரின் கடிதமும்.

சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்துவிட்ட பிள்ளையை நடுவில் அசைக்க வேண்டாம். சித்தி, மாமி வீட்டில் நம்பிக்கையான இடம் இருந்தால், பரீட்சை முடியும்வரை அங்கே தங்கிப் பழைய பாடசாலையிலேயே படிக்கட்டும். ஆனால் கிழமைக்கு ஒரு தடவையாவது தாயோ தகப்பனோ போய்ப் பார்க்க வேண்டும்.

வளவில் காத்திருக்கும் ஆபத்துகள்

குழாய்த் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைக்குக் கிணறு பழக்கமில்லை. கைவிடப்பட்ட வளவுகளில் கட்டு இடிந்த கிணறுகளைப் பற்றை மூடியிருக்கும். குடிபோகும் முதல் நாளிலேயே உங்கள் கிணற்றைச் சுற்றி மட்டையோ முள்ளோ கட்டி அடையுங்கள். அயல் வளவுகளில் ஆளில்லாக் கிணறுகள் எங்கே உள்ளன என்று பார்த்து, அவற்றையும் அடையுங்கள். பழைய மலசலகூடக் குழிகளுக்கும் இது பொருந்தும். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் குளோரின் இட்ட பின்னரும், குடிநீரைக் கொதிக்க வைத்தே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

வெடிபொருட்களைப் பற்றி அலட்சியம் கூடாது. மிதிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அதன் பின்னரும் வடக்கில் அகற்றும் வேலை பல ஆண்டுகள் தொடர்ந்தது. துப்புரவு செய்யப்பட்ட காணி எது என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பிள்ளைகளுக்கு மூன்று சொல் போதும்: தொடாதே, கிட்டப் போகாதே, வந்து சொல். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. பழைய இரும்பு பொறுக்கி விற்கப் பிள்ளையை ஒருபோதும் அனுப்பாதீர்கள். வெட்டிய பற்றையையும் குப்பையையும் சரிபார்க்காத நிலத்தில் வைத்து எரிக்காதீர்கள். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கக்கூடும்.

பிள்ளைக்கும் ஒரு வேலை

ஓர் இடம் எப்போது சொந்தமாகிறது? உறுதி எழுதும்போது மட்டுமல்ல, அங்கே எமது கை பட்டு ஏதாவது முளைக்கும்போதும்தான். ஆகவே வயதுக்கேற்ற வேலை ஒன்றைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். சின்னவளுக்கு இரண்டு பாத்திக் கீரை, அடுத்தவனுக்குக் கோழிக்குஞ்சு, மூத்தவனுக்கு வேலிக் கதியால். ஆளுக்கொரு தென்னம்பிள்ளை நட்டுத் தண்ணீர் ஊற்றட்டும். அது படிப்பையும் விளையாட்டையும் தின்னும் கூலி வேலையாகிவிடக் கூடாது, அளவறிந்து கொடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளில் சிலர் தோட்டம் செய்ய விருப்பமில்லை என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். அவர்களது அனுபவத்தில் விவசாயம் என்பது அப்பா ஊரைப்பற்றிச் சொன்ன கதை மட்டுமே. வாக்குவாதப்பட வேண்டாம். அடுத்த வெங்காயச் செய்கையின் செலவையும் வரவையும் கொப்பியில் எழுதும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். அதன்பின் அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

கேட்கும் கேள்விக்குப் பதில்

எகிப்திலிருந்து புறப்பட்ட மக்கள் நாற்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் அலைந்தார்கள். கடைசியில் யோர்தானைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அலைந்த காலத்தில் பிறந்த பிள்ளைகள். ஆற்றிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து யோசுவா நாட்டினார் என்று திருமறை சொல்கிறது. பின்னாளில் பிள்ளைகள் இவை என்ன என்று கேட்பார்கள், அப்போது பெற்றோர் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எமது வளவுகளிலும் அப்படிப்பட்ட கற்கள் கிடக்கின்றன. இடிந்த வாசற்படியில் பிள்ளையை இருத்தி, இங்கே அப்பப்பா இருந்தார், இந்த வழியால் தண்ணீர் பாய்ந்தது, இன்ன ஆண்டில் இப்படி வெளிக்கிட்டோம் என்று சொல்லுங்கள். பகையை ஊட்டாமல், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். முகாமில் பிறந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவும் அந்தப் பிள்ளையின் ஊர்க்கதைதான்.

தனிக் குடும்பமாகப் போவதிலும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போவது நல்லது. ஞாயிறு பாடசாலையோ, அறநெறி வகுப்போ, மரநிழலில் ஒரு விளையாட்டு நேரமோ முதல் மாதத்திலேயே தொடங்கட்டும். கோவிலும் ஆலயமும் கட்டி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முகாமில் விட்டுவந்த கூட்டாளியை அடுத்த விடுமுறையில் ஒருநாள் அழைத்து வாருங்கள். அவனுக்குத் தன் கீரைப் பாத்தியைக் காட்ட உங்கள் பிள்ளை ஓடுமானால் அது வேர்பிடித்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.