கட்டிலும் விண்வெளியும்

சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கிவிட்டு 2025 ஜூலை 15 அன்று பூமிக்குத் திரும்பினார். விமானப்படை வீரர், நல்ல திடகாத்திரமான ஆள். அவரையும் கலத்திலிருந்து கைத்தாங்கலாகத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

அப்படி உடம்புக்கு என்னதான் ஆகிறது? அங்கே உடம்பு மிதக்கிறது. கால்களுக்குச் சுமை இல்லை. தசை மெலிகிறது, எலும்பும் கரைகிறது.

எலும்பு எப்படிக் கரையும்? அது உயிருள்ள பொருள். பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. நீங்கள் நடக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உள்ளே பதிந்திருக்கும் செல்கள் அதை உணர்கின்றன. அந்த உணர்வு நின்றால் அவை ஸ்கிலிரோஸ்டினை (எலும்பு கட்டுவதைத் தடுக்கும் புரதம்) கூடுதலாகச் சுரக்கின்றன. கட்டும் வேலை குறைய, கரைப்பது மட்டும் தொடர்கிறது. விண்வெளியில் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை போய்விடும்.

பெருந்துறையில் இருக்கும் எனக்கு இது எதற்கு என்கிறீர்களா? விண்வெளி ஆராய்ச்சிக்காகவே ஆட்களைத் தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். அவர்களுக்கும் எலும்பு தேய்கிறது, அந்தப் புரதமும் ஏறுகிறது. ஆக, உங்கள் வீட்டுக் கட்டிலிலும் இது நடக்கும்.

உதாரணத்துக்கு, வீட்டில் அப்பத்தா வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அசையாம படுத்திருங்க அப்பத்தா" என்று பாசத்தில் சொல்கிறோம். படுத்திருப்பதே வைத்தியம் என்ற நம்பிக்கை நம் ஊருக்குப் பழையது. காசநோய்க்காரர்கள் நம் பெருந்துறை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்த காலம் உண்டு. ஆனால் அறுவை சிகிச்சைக்கு மறுநாளே மருத்துவர் எழுப்பி நிற்க வைத்தால் பதறாதீர்கள். வலித்தால் வலிமாத்திரை கேளுங்கள். எந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா முறிவும் ஒன்றல்ல.

ராகிக் களியும் பாலும் கொடுத்தால் போதாதா? கொடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. விண்வெளி வீரர்கள் சத்தாகச் சாப்பிட்டும் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அப்படியும் ஆறு மாதம் இருந்து வந்தவர்களில் பலருக்கு, போன எலும்பு ஓராண்டு ஆகியும் முழுதாகத் திரும்பவில்லை. தசை தேறிவிடும்; எலும்புதான் தாமதம். அதனால் எழுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர் நடக்கலாம் என்று சொன்னதும் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோவதை நிறுத்துங்கள். அப்பத்தாவைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திண்ணை வரை நடத்திப்போய், அங்கே உட்கார வைத்துப் பரிமாறுங்கள்.